1920 ஆகஸ்டு 10: கருப்பினப் பெண்ணின் குரல் தட்டேறிய நாள்

1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகரில் 'ஓக்கே' என்னும் இசைத்தட்டுக் கம்பெனியின் பதிவறையில் மேமி ஸ்மித் என்ற கருப்பினப் பாடகி, தம் இனத்து இசைஞர்கள் சூழ நின்று 'கிரேசி புளூஸ்' என்னும் பாடலைப் பாடினார். பாடி முடிக்க மூன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. கருப்பினப் பாடகர் ஒருவர் பாடி இசைத்தட்டாக வெளிவந்த முதல் புளூஸ் பாடல் அதுவே என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அமெரிக்க நாட்டின் இசை வாணிகம் அந்நாளுக்கு முன்னர் ஒரு விதமாகவும், பின்னர் வேறு விதமாகவும் நடந்தது.

கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அயல்நாட்டுப் பாட்டுக்காரி ஒருவரின் வரலாறு எதற்கு என்று நம் இளைஞர் சிலர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. ஒடுக்கப்பட்ட மக்களின் குரலை யார் பதிவு செய்வது, அதற்கு யார் விலை கொடுப்பது, அதன் ஊதியம் யார் கைக்குப் போவது, படித்தவர்கள் அக்குரலை எந்தக் காதுகொண்டு கேட்பது ஆகிய நான்கு கேள்விகளும் அந்த ஒரு நாளில் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. இவற்றில் எதுவும் நமக்கு அயலான கேள்வி அன்று.

இன்னொரு தொடர்பும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அப்பல்கலைக்கழகம் கருப்பின மக்கள் நிறைந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதிக்கு அடுத்தாற்போல் உள்ளது. தெற்கிலிருந்து கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஹார்லெமில் குடியேறிய காலம் அது. பின்னாளில், 1946இல், அண்ணல் அவர்கள் கருப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில், தாம் நீக்ரோ மக்களின் பிரச்சினையைப் பயின்றுவருபவர் என்றும், தீண்டத்தகாதார் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் மிகுந்த ஒற்றுமை உண்டு என்றும் குறிப்பிட்டார். அந்த டு பாய்ஸ் இக்கட்டுரையிலும் வருவார்.

தட்டில் முன்னரே ஏறியவர்கள்

மேமி ஸ்மித்துக்கு முன்னர் கருப்பினத்தார் எவரும் ஒலிப்பதிவு செய்யவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஜார்ஜ் ஜான்சன் என்பவர் 1890ஆம் ஆண்டு வாக்கிலேயே மெழுகு உருளைகளில் பாடினார். ஆனால் அவர் பாடிப் புகழ் பெற்ற பாட்டு கருப்பினத்தானையே எள்ளி நகையாடும் பாட்டு. தன் இனத்தைத் தானே இழித்துப் பாடினால்தான் கூலி என்பது அக்காலத்து ஏற்பாடு. பெர்ட் வில்லியம்ஸ் என்ற பெருங்கலைஞர் 1901 முதல் விக்டர் கம்பெனிக்குப் பாடினார். பிறவியிலேயே கருப்பரான அவர்கூட மேடையில் முகத்துக்குக் கரி பூசிக்கொண்டே தோன்ற வேண்டியிருந்தது. இதனை நினைத்துப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறதா, சினம் வருகிறதா என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இவர்களிடையே பெருமிதத்தோடு நிற்பவர்கள் ஃபிஸ்க் கல்லூரிப் பாடகர்கள். அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற மக்களின் கல்விக்காக 1866இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்டது ஃபிஸ்க் பள்ளி. ஐந்தே ஆண்டுகளில் பணமின்றி மூடும் நிலைக்கு வந்தது. 1871 அக்டோபரில் அப்பள்ளி மாணவர் ஒன்பது பேர் பாட்டுப் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பாட்டி, பாட்டன் பருத்திக் காட்டில் பாடிய பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடினர். 1873இல் இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் முன்னிலையிலும் பாடினர். திரட்டிய பொருளில் எழுந்த கட்டடத்துக்கு 'ஜூபிலி மண்டபம்' என்று பெயர். பாடகர் குழுவுக்கும் ஜூபிலி பாடகர்கள் என்றே பெயர். விவிலியத்தின் லேவியராகமத்தில், ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு. அந்த விடுதலை ஆண்டுக்கே ஜூபிலி என்று பெயர். வெள்ளி விழா, பொன் விழா என்று நாம் இன்று எளிதாக வழங்கும் சொல்லின் ஊற்று அங்கே இருக்கிறது. அக்குழுவினரின் வழிவந்தோர் 1909இல் விக்டர் கம்பெனிக்காகப் பாடிப் பதிவு செய்தனர்.

ஆகவே கோயில் பாட்டுக்கு இடம் கிடைத்தது. கோமாளிப் பாட்டுக்கும் இடம் கிடைத்தது. ஆலைத் தொழிலாளியும், சலவைத் தொழிலாளியும், இரயிலில் மூட்டை தூக்குபவரும் தம் துயரத்தையும் ஆசையையும் பாடிக்கொண்ட பாட்டுக்கு, அதாவது புளூஸ் பாட்டுக்கு, அதனைப் படைத்தவர்கள் வாயால் பாட இடம் இல்லை. அப்பாட்டுக்கு மதிப்பில்லாமல் இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. 1914இலேயே ஹேண்டி என்ற கருப்பினப் பாண்டுத் தலைவர் இயற்றிய 'மெம்பிஸ் புளூஸ்' வெள்ளையர் இசைக்குழுவால் தட்டில் ஏறிவிட்டது. வெள்ளைப் பாடகிகளும் புளூஸ் பாடிப் பொருள் ஈட்டினர். பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டாம் என்பதே அங்கே நடப்பாக இருந்தது. கைப்பட்ட நெல் மட்டும் களஞ்சியத்துக்குள் போய், அறுத்த கை வெளியே நிற்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

பிடிவாதக்காரர் ஒருவர்

இக்கதவைத் தட்டியவர் பெர்ரி பிராட்போர்டு. 1893இல் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பம் அட்லாண்டா நகருக்குப் பெயர்ந்தது. அங்கே வீட்டை அடுத்திருந்த சிறைச்சாலையில் கைதிகளுக்குச் சமைத்துப் போடுவது அவர் தாயின் வேலை. சிறைக்குள்ளிருந்து வந்த பாட்டே சிறுவனுக்கு இசைப்பள்ளி. பின்னர் ஊர் சுற்றும் நாடகக் குழுக்களில் பியானோ வாசித்தும், ஆடியும், பாட்டு இயற்றியும் வாழ்ந்தார். அவருக்கு நண்பர்கள் இட்ட பட்டப்பெயர் 'கோவேறு கழுதை'. பிடித்த பிடியை விடமாட்டார் என்பது பொருள்.

1918இல் ஹார்லெமின் லிங்கன் அரங்கில் அவர் நடத்திய இசை நாடகத்தில் நடித்துப் பாடியவர் மேமி ஸ்மித். ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரத்தார். பத்து வயதிலேயே ஆட்டக் குழுவோடு ஊர் விட்டுப் போனவர். நல்ல தோற்றமும், அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும் குரலும் உடையவர். அந்நாடகத்தில் அவர் பாடிய 'ஹார்லெம் புளூஸ்' என்னும் பாட்டே பின்னர்ச் சிறிது மாறி, 'கிரேசி புளூஸ்' எனப் பெயர் பெற்றது.

பிராட்போர்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 1920 ஜனவரியில் விக்டர் கம்பெனி மேமி ஸ்மித்தை ஒரு சோதனைப் பதிவுக்கு அழைத்தது. பதிவு செய்தது, வெளியிடவில்லை. பெரிய கம்பெனிகள் சொன்ன காரணங்கள் பலவகை. கருப்பினத்தாரிடம் கிராமபோன் பெட்டி வாங்கப் பணம் ஏது? இருந்தாலும் தம்மவர் பாட்டை விலை கொடுத்து வாங்குவார்களா? வெள்ளைக்கார வாடிக்கையாளர் முகம் சுளித்தால் என்ன செய்வது? இம்மூன்றையும் எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்காமலே முடிவு கட்டுவது மேல்தட்டுக்குப் பழகிப்போன வழக்கம்.

இறுதியில் அவர் சென்று நின்ற இடம் ஓக்கே கம்பெனி. அது பெரிய கம்பெனி அன்று. விக்டரும் கொலம்பியாவும் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது புதிதாக நுழைந்த நிறுவனம். வந்தேறிய ஐரோப்பிய மக்களுக்கு அவரவர் தாய்மொழியில் தட்டுகள் விற்கும் வழக்கம் அமெரிக்க இசை வாணிகத்தில் ஏற்கெனவே இருந்தது. போலந்துக்காரருக்கும் இத்தாலியருக்கும் தட்டு விற்கலாம் என்றால், இந்நாட்டிலேயே பிறந்து உழைத்துவரும் கருப்பின மக்களுக்கு ஏன் விற்கக்கூடாது என்பது பிராட்போர்டின் வழக்கு. 1920ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அவர்கள் தொகை ஒரு கோடிக்கு மேல். ஓக்கேயின் பதிவுப் பொறுப்பாளர் பிரெட் ஹேகர் இக்கணக்கைக் காது கொடுத்துக் கேட்டார். கருப்பினப் பெண்ணைப் பாட வைத்தால் உங்கள் கம்பெனிப் பொருள்களையே வாங்கமாட்டோம் என்று அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன எனப் பிராட்போர்டு தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். முதலில் ஹேகரும் தயங்கினார்; சோஃபி டக்கர் என்னும் புகழ் பெற்ற வெள்ளைப் பாடகியைக் கொண்டே அப்பாடல்களைப் பாடச் செய்ய எண்ணினார் என்பர். அது கைகூடவில்லை.

1920 பிப்ரவரி 14 அன்று மேமி ஸ்மித் ஓக்கேக்காக இரண்டு பாடல்கள் பாடினார். அவை புளூஸ் அல்ல. அக்காலத்து நாகரிகப் பாட்டுகள். பின்னணி வாசித்தவர்கள் கம்பெனியின் வெள்ளை இசைஞர்கள். தட்டு ஓரளவு நன்றாகவே விற்றது. கருப்பினத்தார் நடத்திய செய்தித்தாள்கள் அதனைப் பெருமையோடு எழுதின. அந்த விற்பனையே ஆகஸ்டுப் பதிவுக்கு வழி திறந்தது. இம்முறை பாடகி மட்டுமன்றி வாசிப்பவர்களும் நம்மவராக இருக்கட்டும் என்றார் பிராட்போர்டு. இந்த இரண்டாம் கோரிக்கையை நாம் முதலாவதைவிடப் பெரிதாக மதிக்கிறோம். ஒருவரை உள்ளே விட்டதும் நன்றி சொல்லி ஒதுங்கிவிடாமல், அடுத்த ஐவரையும் கூட்டிக்கொண்டு வந்தார் அவர்.

அந்த மூன்று நிமிடங்கள்

இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தை மனத்தில் வைத்து அந்த அறையைக் கற்பனை செய்யலாகாது. அன்று மைக்கு இல்லை. மின்முறைப் பதிவு 1925இல்தான் வந்தது. சுவரிலிருந்து பெரிய புனல் ஒன்று நீண்டிருக்கும். பாடுபவர் அதன் வாய்க்கு நேரே நின்று உரத்துப் பாட வேண்டும். காற்றின் அதிர்வு புனலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்க, அதில் பொருத்திய ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். மனிதக் குரலின் வலிமையைத் தவிர வேறு ஆற்றல் அதில் இல்லை. ஓசை மிகுந்த கருவிகள் தள்ளி நிற்க வேண்டும். மெல்லிய கருவிகள் நெருங்கி நிற்க வேண்டும். பெருமுழவை அடித்தால் ஊசி குதித்துவிடும். ஒருவர் தவறினால் மெழுகு வீண்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேமியின் குழுவுக்கு 'ஜாஸ் ஹவுண்ட்ஸ்' என்று பெயர். ஜானி டன் கார்னெட் ஊதினார். டிராம்போனும் கிளாரினெட்டும் பிடிலும் உடன் நின்றன. பியானோ வாசித்தவர் யார் என்பதில் மட்டும் இன்றளவும் வழக்குத் தீரவில்லை. வில்லி 'தி லயன்' ஸ்மித் தாமே வாசித்ததாகச் சொன்னார். பிராட்போர்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புகழ் வந்தபின் எல்லாக் கைகளும் பியானோவின் மேல்தான்.

பாட்டின் பொருள் எளியது. காதலன் கைவிட்டுப் போனான், இரவில் உறக்கம் இல்லை, மனம் பேதலிக்கிறது. துயரம் முற்ற முற்ற, துப்பாக்கி எடுத்துப் போலீஸ்காரனைச் சுடுவேன் என்று சொல்லும் அளவுக்கு அப்பெண் போய்விடுகிறாள். காதல் துயரம் பாடும் பாட்டில் போலீஸ்காரன் எங்கிருந்து வந்தான் என்று வெளியார் வியக்கலாம். 1919ஆம் ஆண்டின் கோடைக்காலம் அதற்கு விடை சொல்லும். முதல் உலகப் போரில் பிரான்சு மண்ணில் போரிட்டுத் திரும்பிய கருப்பின வீரர்களும் அவர்தம் மக்களும் அமெரிக்காவின் பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்களால் தாக்கப்பட்டனர். சிகாகோ நகரில் மட்டும் 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கருப்பினத்தார். காவலர் எந்தப் பக்கம் நின்றனர் என்பதை அம்மக்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் பாடப்பட்ட பாட்டு இது.

இசை நுணுக்கம் அறிந்தோர் சிலர் 'கிரேசி புளூஸ்' உண்மையான நாட்டுப்புறப் புளூஸ் அன்று, மேடைக்கென்று மெருகேற்றியது என்பர். அது உண்மையே. காட்டிலும் மேட்டிலும் தனித்துப் பாடிய பாட்டன்று இது. நகர அரங்குக்கு இயற்றப்பட்டது. ஆயினும் அதை வாங்கியவர்கள் இத்தகைய ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கவில்லை. தம்மைப் போன்ற ஒருத்தி, தம் உச்சரிப்பில், தம் துயரத்தைப் பெட்டிக்குள்ளிருந்து பாடுகிறாள் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு டாலர் கொடுத்தவர்கள்

தட்டு அவ்வாண்டின் இறுதிக்குள் கடைக்கு வந்தது. விலை ஒரு டாலர். கூலி வேலை செய்பவருக்கு அது சிறு தொகை அன்று. இருந்தும் ஹார்லெமில் கடைவாசலில் மக்கள் குவிந்தனர். முதல் மாதத்திலேயே 75,000 தட்டுகள் விற்றன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. இரயில் வண்டிகளின் தூங்கும் பெட்டிகளில் பணியாற்றிய கருப்பினப் பணியாளர்கள் நகரத்தில் தட்டுகளை வாங்கித் தெற்கே கொண்டுபோய், கடையே இல்லாத சிற்றூர்களில் கூடுதல் விலைக்கு விற்றனர். பத்திரிகைகளையும் அவர்களே அவ்வாறு கொண்டுசென்றனர். கிராமபோன் பெட்டி இல்லாதவர் இருப்பவர் வீட்டுத் திண்ணையில் கூடினர். பணமில்லை, ஆர்வமில்லை, வாங்கமாட்டார்கள் என்று பெரிய கம்பெனிகள் எழுதிவைத்த மூன்று தீர்ப்புகளும் சில வாரங்களில் பொய்யாயின.

கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்தது என்று சொல்ல மாட்டோம். அவை இலாபத்தைக் கண்டன. ஓக்கே 1921இல் கருப்பின மக்களுக்கெனத் தனி வரிசை எண்ணில் தட்டுகள் வெளியிடலாயிற்று. பாரமவுண்டும் கொலம்பியாவும் பின்தொடர்ந்தன. இவற்றுக்கு 'இனத் தட்டுகள்' என்று பெயர் வந்தது. இனம் என்ற அச்சொல்லை அக்காலத்துக் கருப்பின மக்கள் பெருமையோடுதான் வழங்கினர். தம் மக்களுக்காக உழைப்பவரை 'இனத்தின் மனிதர்' என்றே போற்றினர். ஆனால் கம்பெனிப் பட்டியலில் அச்சொல் செய்த வேலை வேறு. வெள்ளையர் தட்டு ஒரு பட்டியலில், கருப்பர் தட்டு வேறு பட்டியலில். ஒரே தொழிற்சாலையில் ஒரே அரக்கில் வார்த்த தட்டுகளுக்கும் ஊரும் சேரியும் பிரித்தார்கள். 'பில்போர்டு' என்னும் வாணிக இதழ் 1949இல்தான் அப்பெயரைக் கைவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறியதே அன்றித் தனிப்பட்டியல் போகவில்லை.

பணத்தின் கதையும் இதுவே. 1923இல் கொலம்பியா கம்பெனிக்குப் பாடத் தொடங்கிய பெஸ்ஸி ஸ்மித், மேமியின் உறவினர் அல்லர், அக்காலத்துப் பாடகிகளில் தலையாயவர். அவருடைய முதல் தட்டே பல இலட்சம் விற்றது. அவருக்குக் கிடைத்ததோ தட்டின் ஒரு பக்கத்துக்கு 125 டாலர் என்ற ஒப்பந்தக் கூலி. விற்பனையில் பங்கு இல்லை. கூலி என்று பார்த்தால் அக்காலத்துக்கு நல்ல கூலிதான்; உரிமை என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

கருப்பு அன்னம்

நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது.

மேமியின் தட்டு விற்ற வேகத்தைக் கண்ட ஹாரி பேஸ் என்பவர் 1921இல் ஹார்லெமில் தம் வீட்டிலேயே ஓர் இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டு பாய்ஸிடம் பயின்றவர். ஹேண்டியோடு கூட்டாகப் பாட்டுப் பதிப்பகம் நடத்தியவர். அடுத்தவன் கம்பெனியில் கூலிக்குப் பாடுவதைவிட நமக்கென ஒரு கம்பெனி வேண்டும் என்பது அவர் துணிபு. டு பாய்ஸ் அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். கம்பெனிக்கு இட்ட பெயர் 'பிளாக் ஸ்வான்', அதாவது கருப்பு அன்னம். அடிமையாகப் பிறந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடகியாகப் புகழ் பெற்ற எலிசபெத் கிரீன்ஃபீல்டு அம்மையாரின் பட்டப்பெயர் அது. இசைப் பொறுப்பில் இருந்தவர் பிளெட்சர் ஹெண்டர்சன். வேதியியலில் பட்டம் பெற்று மேற்படிப்புக்காக நியூயார்க் வந்து, இசைக்குள் புகுந்துவிட்டவர். படித்த கருப்பின மக்கள் ஒன்றுகூடி உருவாக்கிய நிறுவனம் என்று இதனை ஐயமின்றிச் சொல்லலாம். எத்தல் வாட்டர்ஸ் பாடிய புளூஸ் தட்டு அவ்வாண்டே நன்கு விற்றுக் கம்பெனியை நிறுத்தியது.

பெஸ்ஸி ஸ்மித்தும் இக்கம்பெனிக்கு வந்து பாடிக் காட்டினார். கொலம்பியாவுக்குப் போவதற்கு ஈராண்டுகள் முன்னர் அது. குரல் கரடுமுரடாக இருக்கிறது, பாணி நாட்டுப்புறத்தனமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளையர் கம்பெனி அல்ல, நம்மவர் கம்பெனி அனுப்பியது. தம் இனத்தின் மதிப்பை உயர்த்த வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். மேல்நாட்டுச் செவ்விசையையும் கோயில் பாடல்களையும் கருப்பினத்தார் பாடவல்லார் என்று உலகுக்குக் காட்ட விரும்பினார்கள்; அவற்றையும் வெளியிட்டார்கள். அது வேண்டிய பணியே. ஆனால் சலவைத் தொட்டியருகில் நின்றவளின் குரல் உலகு முன் நம்மைத் தாழ்த்திவிடும் என்று அஞ்சியதை நாம் வேறு விதமாகப் பார்க்கிறோம். ஒரு டாலர் கொடுத்துக் கதவைத் திறந்தவள் அவள்தானே! பறையொலி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பட்டதாரிகள் நம்மிடையேயும் உண்டு. சாவுக்கு அடி என்று பிறர் கட்டளையிட்டதனால் வந்த இழிவைக் கருவியின் தலையில் ஏற்றிவிட்டு, நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறோம். ஹாரி பேஸின் தவற்றை எளிதாகக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று இம்மலரைப் படிக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கட்டும்.

பிளாக் ஸ்வான் நெடுநாள் வாழவில்லை. 1922இல் பதிப்புத் தொழிற்சாலை ஒன்றை வாங்கியதால் கடன் ஏறியது. கருப்பினக் கலைஞர்களின் தட்டுகள் மட்டுமே வெளியிடுகிறோம் என்று விளம்பரம் செய்துகொண்டே, வாங்கிய தொழிற்சாலையின் பழைய அச்சுகளிலிருந்து வெள்ளையர் குழுக்களின் தட்டுகளையும் மாற்றுப் பெயரில் விற்க நேர்ந்தது. பெரிய கம்பெனிகள் அதே பாடகிகளுக்குக் கூடுதல் பணம் காட்டி இழுத்தன. 1923 இறுதியில் கம்பெனி நொடித்தது. அடுத்த ஆண்டு அதன் பாடல்கள் பாரமவுண்டு கைக்குப் போயின. விற்பனை வானொலியால் குறைந்தது என்றும் சொல்வர். எக்காரணமாயினும், மூன்றாண்டில் ஒரு கனவு முடிந்தது. ஹெண்டர்சன் பின்னர் நடத்திய இசைக்குழு ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியது என்பதையும், அந்த அனுபவத்தின் ஒரு பகுதி பிளாக் ஸ்வானில் பெற்றதே என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பின்னாள்

மேமி ஸ்மித் சில ஆண்டுகள் அரசிபோல் வாழ்ந்தார். தெற்கிலும் வடக்கிலும் அவர் குழு சென்ற இடமெல்லாம் அரங்கு நிறைந்தது. இறகு வைத்த ஆடையும் வைர நகையும் அணிந்து மேடையேறுவார். வீண் ஆடம்பரம் என்று சிலர் பேசினர். ஏழை மக்கள் அதைக் காணவே காசு கொடுத்து வந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தம்மில் ஒருத்தி அப்படி நிற்பதை அவர்கள் அதற்கு முன்னர்க் கண்டதில்லை. பின்னாளில் சாக்ஸபோன் இசையின் பேராசானாக விளங்கிய கோல்மன் ஹாக்கின்ஸ், பதின்பருவத்தில் இவர் குழுவில் வாசித்தவரே. 1930களில் நாடெங்கும் பொருளாதார முடக்கம் வந்தபோது இசைத்தட்டு விற்பனை சரிந்தது. புளூஸ் பாடகிகளின் காலமும் அதனோடு சரிந்தது. மேமி சில திரைப்படங்களில் சிறு வேடங்களில் தோன்றினார்.

பிராட்போர்டு இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். இசை வரலாறு எழுதியவர்கள் தம்மை மறந்துவிட்டார்கள் என்ற மனக்குறையோடு 1965இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி நூலாக வெளியிட்டார். அதில் தற்பெருமை மிகுதி என்பது உண்மை. பிறர் எழுத மறுத்ததைத் தாமே எழுத உட்கார்ந்தவர் சற்று உரத்துத்தான் பேசுவார். 1970இல் மறைந்தார்.

மேமி ஸ்மித் 1946இல், கையில் பணமின்றி நியூயார்க்கில் இறந்தார். அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதிய அதே ஆண்டு. ஸ்டேட்டன் தீவிலுள்ள ஃபிரெடரிக் டக்ளஸ் நினைவு இடுகாட்டில் அவரைப் புதைத்தனர். பிற இடுகாடுகளில் கருப்பினத்தாரின் பிணத்துக்கும் வேற்றுமை காட்டப்பட்டதால், அம்மக்களே 1935இல் தமக்கென ஏற்படுத்திக்கொண்ட இடம் அது. கல் நாட்டப் பணமில்லாததால் புதைத்த இடம் அடையாளமின்றிக் கிடந்தது. 'கிரேசி புளூஸ்' தட்டினைப் பேணிக் காக்க வேண்டிய தேசியச் செல்வங்களுள் ஒன்றாக அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2005இல் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. அதன் பின்னும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், புளூஸ் இசையில் பற்றுடையோர் நன்கொடை திரட்டி அங்கே அவர் பெயர் பொறித்த கல்லை நட்டனர்.